சென்னையில் இரண்டரை நாள்: ரயில் பிரியருக்கு எங்கே, எப்போது, எப்படி?

கோவைத் தடம்:
வணக்கம். பிப்ரவரி முதல் வாரத்தில் சனிக்கிழமை காலை நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரல் வந்து, திங்கள் இரவு திரும்புகிறோம். நானும் 11 வயது மகனும். அவனுக்கு லோகோ (எஞ்சின்) வகை, பெட்டி வகை எல்லாம் அத்துப்படி. மெரினா, உயிரியல் பூங்கா எல்லாம் பார்த்தாயிற்று, இந்த முறை ரயில் மட்டும்தான். ஒரு சின்ன கேமராவும் போனும் இருக்கும். எதை எந்த வரிசையில் பார்க்கலாம்? தவறாமல் பார்க்க வேண்டியது எது, நேரம் வீணாகும் இடம் எது?

பேசின்பிரிட்ஜ்:
முதலில் கிழமைக் கணக்கு. வில்லிவாக்கம் பக்கம் நியூ ஆவடி சாலையில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை புறநகர் மின்சார ரயில்கள் குறைவாகவே ஓடும். இந்த இரண்டையும் கவனிக்காமல் வருபவர்கள் ஞாயிறன்று நடைமேடையில் காத்துக் கிடந்துவிட்டு, திங்கள் அருங்காட்சியகப் பூட்டைப் பார்த்துத் திரும்புவார்கள். எனவே சனி காலை சென்ட்ரல், எழும்பூர், ராயபுரம். ஞாயிறு அருங்காட்சியகமும் பறக்கும் ரயிலும் (தூண்களின் மேல் ஓடும் நகர ரயில்). திங்கள் நீண்ட புறநகர்ப் பயணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சென்ட்ரலில் இறங்கியதும் அவசரமாக வெளியே ஓட வேண்டாம். அது முட்டுச்சந்து நிலையம். காலையில் வந்துசேரும் ரயிலின் லோகோ, தண்டவாளம் முடியும் பஃபருக்கு (மோதல் தாங்கி) பக்கத்தில், பயணிகள் கூடத்தை ஒட்டியே நிற்கும். பின்னால் இருக்கும் காலி ரேக்கை (பெட்டித் தொடரை) வேறொரு எஞ்சின் யார்டுக்கு இழுத்துப்போகும் வரை அந்த லோகோ நகர முடியாது. நீங்கள் வந்த வண்டியின் லோகோவையே நிதானமாகப் பார்க்க அந்த நேரம் போதும். கிளம்பும் ரயிலுக்கு இது நேர்மாறு. லோகோ பேசின்பிரிட்ஜ் பக்கக் கோடியில் இருக்கும். 22 பெட்டி ரயில் என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சிறுவனை அழைத்துக்கொண்டு கிளம்பும் ரயில் ஒவ்வொன்றின் பின்னாலும் நடந்தால் காலையிலேயே களைத்துவிடுவான். வரும் ரயில்களை மட்டும் பாருங்கள்.

மீட்டர்கேஜ் மணி:
பேசின்பிரிட்ஜ் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கிய பயணி வெளியே போக வேண்டியவர். உங்கள் டிக்கெட்டின் பயணம் முடிந்தபின் நடைமேடையிலேயே சுற்றினால் பரிசோதகர் கேட்பார். லோகோவைப் பார்த்து முடித்ததும் வெளியே வந்து பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போங்கள். 10 ரூபாய், 2 மணி நேரம் செல்லும். பண்டிகைக் கூட்டத்தில் சில நாள் பிளாட்பார டிக்கெட் விற்பனையை நிறுத்துவதும் உண்டு. உங்கள் தேதியில் அந்தச் சிக்கல் வராது. புறநகர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் நடைமேடையில் நிற்பது, 'ஒரு ஸ்டேஷன்தானே' என்று எக்ஸ்பிரஸில் ஏறுவது இரண்டும் வேண்டாம். பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

பைகளைச் சென்ட்ரல் பொருள் பாதுகாப்பு அறையில் விட்டுவிடலாம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டும் காட்ட வேண்டும். சின்னப் பூட்டு ஒன்றை வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைத் தடம்:
மிக்க நன்றி. சென்ட்ரல், எழும்பூர் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? இரண்டையும் பார்க்க வேண்டுமா, ஒன்று போதுமா?

மீட்டர்கேஜ் மணி:
இரண்டும் பார்க்க வேண்டும். ஏன் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெரிய நிலையங்கள் என்பதுதான் சென்னை ரயில்வேயின் கதையே. சென்ட்ரல் அகலப்பாதைக்காரர்களின் நிலையம். எழும்பூர் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர்கேஜ் நிலையம். ஒன்றின் வண்டி மற்றதற்குள் போக முடியாது: தண்டவாள இடைவெளி ஒன்றில் 1676 மி.மீ., மற்றதில் 1000 மி.மீ. தில்லி, மும்பை, கல்கத்தா போனவர் சென்ட்ரல் போனார். மதுரை, ராமேஸ்வரம் போனவர் எழும்பூர் போனார். இலங்கைக் கப்பலைப் பிடிக்கத் தனுஷ்கோடி வரை ஓடிய போட் மெயில் எழும்பூர் வண்டி. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாதையை அழித்ததோடு அந்தக் கப்பல் தொடர்பு அறுந்தது. இன்று எழும்பூரில் ஒரு மீட்டர்கேஜ் தண்டவாளம்கூடக் கிடையாது. ஆனால் தெற்கே போகும் வண்டிகள் இன்னமும் எழும்பூர், தாம்பரம் என்றுதான் புறப்படுகின்றன. கேஜ் போய்விட்டது, அது வகுத்த திசை மட்டும் அப்படியே நிற்கிறது.

கட்டடமாகப் பார்த்தால் சென்ட்ரல் 1873. ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்தது. மணிக்கூண்டு பிற்பாடு கட்டடக் கலைஞர் சிஷோமின் மாற்றங்களோடு வந்தது. எழும்பூர் 1908, ஹென்றி இர்வின் வடிவமைப்பு, கட்டியவர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே தெற்கு ரயில்வே தலைமை அலுவலகம், 1922. அதையும் சாலையிலிருந்தே பார்த்துவிடுங்கள், உள்ளே போக அனுமதி இல்லை.

எழும்பூரில் மறுசீரமைப்பு வேலை நடக்கிறது. தடுப்புத் தகரமும் சாரமும் சில கோணங்களை மறைக்கும். காந்தி இர்வின் சாலையின் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து மேல்பாதியை மட்டும் எடுத்தால் குவிமாடங்களும் செங்கல் வளைவுகளும் சுத்தமாக வரும்.

ஒளிப்பதிவு ரவி:
படம் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சென்ட்ரல் முகப்பு, எழும்பூர் முகப்பு இரண்டுமே ஏறக்குறைய தெற்கு பார்த்தவை. சென்னை வடக்கு 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துவிடும், முகப்பு நிழலில் கறுத்துப்போகும். பிப்ரவரியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கில்தான். காலை 8 மணிக்கும் எடுக்கலாம், மாலை 4 மணிக்கும் எடுக்கலாம். நீங்கள் தேர்ந்த மாதம் அருமையானது, மழையும் முடிந்திருக்கும்.

ரயிலின் எல்இடி பலகை போட்டோவில் பாதி எழுத்தாக விழுவது பற்றிப் பலர் புலம்புவார்கள். அந்த விளக்குகள் விட்டு விட்டுத்தான் எரிகின்றன. ஷட்டர் 1/125 அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் முழுப் பெயரும் விழும். ஆனால் ஓடும் வண்டி அந்த வேகத்தில் மங்கிவிடும். அதனால் பெயர்ப் பலகையை நிற்கும்போது எடுங்கள், ஓட்டத்தை 1/1000இல் தனியாக எடுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்கப் பார்த்தால் இரண்டுமே கெடும். வீடியோவுக்கு 25 ஃபிரேம், 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நடைமேடை விளக்குகள் துடிக்காது.

ஃப்ளாஷ் எக்காரணம் கொண்டும் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய லோகோ பைலட்டின் கண்ணை அது சில நொடி கூச வைத்துவிடும். அந்த நொடிகளில் அவர் பார்க்க வேண்டியது சிக்னலை. முக்காலி வைத்தால் ரயில்வே பாதுகாப்புப் படையினர் வந்து எடுக்கச் சொல்வார்கள், அது நியாயமும்கூட. கையில் கேமரா, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் கால், அவ்வளவு போதும்.

பேசின்பிரிட்ஜ்:
பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். லோகோ பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஷெட் (எஞ்சின் பராமரிப்புக் கூடம்) பெயரைக் குறித்துக்கொண்டே வரட்டும். சென்ட்ரலில் ராயபுரம், அரக்கோணம், ஈரோடு ஷெட் வண்டிகள் நிறைய வரும். எண்ணிலேயே வகை தெரியும்: 22இல் தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் பெரும்பாலும் வாப்-4 வகை எஞ்சின். 30, 37, 39 என்று வருபவற்றில் பெரும்பாலானவை வாப்-7. வாப்-4 மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும் பழைய டேப் சேஞ்சர் முறை. கிளம்பும்போது ஒவ்வொரு படியாக ஏறும் சத்தம் கேட்கும். வாப்-7 மூன்று ஃபேஸ் மோட்டார், சத்தம் வழுக்கிக்கொண்டே ஏறும். கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லலாம். பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் கட்டிய ஆண்டு. 15 என்றால் 2015.

காலை 6 மணியை ஒட்டி மைசூரு வந்தே பாரத்தும் மைசூரு சதாப்தியும் அடுத்தடுத்துக் கிளம்பும். நீலகிரி சரியான நேரத்துக்கு வந்தாலும் பிடிப்பது கஷ்டம். அதற்காக ஞாயிறு அதிகாலை தனியாக வரலாம். ஒன்று இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள ரேக், மற்றது லோகோ இழுக்கும் எல்எச்பி (புதுவகைப் பெட்டி) ரேக். இரண்டையும் பத்து நிமிட இடைவெளியில் பார்த்தால் எஞ்சின் மாற்றும் வேலையே இல்லாத வண்டியின் அருமை புரியும். நேரம் மாறக்கூடும், முந்தின இரவு ரயில் நேரம் காட்டும் என்டிஇஎஸ் செயலியில் பார்த்துவிடுங்கள்.

வாலாஜாரோடு:
ராயபுரம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே! துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அது. 1856 ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாயில் 1853இல் வண்டி கிளம்பிய போரிபந்தர் கட்டடம் இன்று இல்லை. அதனால்தான் ராயபுரத்துக்கு இந்தப் பெருமை. சென்ட்ரல் கட்டும் முன் மெட்ராஸின் முனையம் இதுதான். தூண் வரிசையும் உயரமான கூடமும் கொண்ட அமைதியான கட்டடம். மணிக்கூண்டு, குவிமாடம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள்.

போகும் வழியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சென்ட்ரல் புறநகர் நிலையமான மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் அது பேசின்பிரிட்ஜ் வழியே கொருக்குப்பேட்டை போய்விடும், ராயபுரத்தைத் தொடாது. செய்ய வேண்டியது இது: சென்ட்ரலுக்கு எதிரே சுரங்கப்பாதையில் சாலையைக் கடந்து பார்க் நிலையம் போங்கள். அங்கிருந்து கோட்டை, அடுத்து கடற்கரை. கடற்கரையில் இறங்கி, வடக்கே கும்மிடிப்பூண்டி அல்லது மேற்கே ஆவடி, அரக்கோணம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிலையமே ராயபுரம். கடற்கரையிலிருந்து அந்தப் பக்கம் வண்டிகள் குறைவு, பலகையைப் பார்த்துவிட்டு நேரத்தைத் திட்டமிடுங்கள். காத்திருக்க முடியாதென்றால் கடற்கரையிலிருந்து ஆட்டோ எடுத்துவிடுங்கள், தூரம் அதிகமில்லை.

கோவைத் தடம்:
இந்த விவரம் இல்லாவிட்டால் நானும் கும்மிடிப்பூண்டி வண்டியில்தான் ஏறியிருப்பேன். அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் பார்க்க முடியுமா?

பேசின்பிரிட்ஜ்:
தொழிற்சாலைக்குள் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் போக முடியாது. வாசல் வரை போய்த் திரும்புவது வீண். அருங்காட்சியகத்துக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு போனால் சரி. சென்ட்ரல் புறநகரிலிருந்து மேற்கு வழித்தடத்தில் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் அல்லது வில்லிவாக்கத்தில் இறங்கி ஆட்டோ. ஓட்டுநரிடம் 'ஐசிஎஃப்' என்று மட்டும் சொன்னால் வேறு வாசலில் விட்டுவிடுவார். 'நியூ ஆவடி ரோடு ரயில் மியூசியம்' என்று சொல்லுங்கள். பொம்மை ரயில் உண்டு. ஆனால் 11 வயதுப் பையனுக்கு அதைவிடப் பெட்டிகளின் அடிப்பாகம்தான் விருந்து.

குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐசிஎஃப் வகைப் பழைய பெட்டியின் போகியில் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டகம்) சக்கர அச்சுக்கு மேலே சுருள்வில்லும், அதற்குள் எண்ணெய் நிரப்பிய டேஷ்பாட்டும் இருக்கும். எண்ணெய் கசிந்து வற்றினால் அதிர்வைத் தணிக்கும் வேலை நின்றுபோய்ப் பெட்டி குலுங்கும். முனையில் இரண்டு பக்க பஃபர், நடுவில் பெட்டிகளை இணைக்கும் திருகுக் கப்ளிங். ஆள் உள்ளே நுழைந்து கையால் திருகி இறுக்க வேண்டும். எல்எச்பி பெட்டியில் பக்க பஃபர் கிடையாது, நடுவில் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஒரே கப்ளர். விபத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுப்பது அதுதான். ஐசிஎஃப்பில் பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பில் உரசும். எல்எச்பியில் அச்சில் இருக்கும் தட்டைப் பிடிக்கும். காலையில் சென்ட்ரலில் எல்எச்பி, அடுத்து இங்கே ஐசிஎஃப் என்று பார்த்தால் மனதில் பதியும்.

1955இல் ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன நுட்பத்தோடு தொடங்கிய தொழிற்சாலை அது. 2018 ஜனவரியில் அந்தப் பழைய வகைப் பெட்டியைக் கட்டுவதை நிறுத்தினார்கள். அதே 2018இல்தான் முதல் வந்தே பாரத் ரேக் அங்கிருந்து வெளிவந்தது. ஒரே மதில் சுவருக்குள் இரண்டும் நடந்தன என்பதை நினைத்தால் இன்னமும் பெருமையாக இருக்கிறது.

கடலோரம்:
கடலோர நகரத்துக்கு வந்துவிட்டு ரயிலிலிருந்து கடலைப் பார்க்காமல் போவதா? ஞாயிறு மாலை பறக்கும் ரயில். கடற்கரை முதல் வேளச்சேரி வரை சுமார் 19 கி.மீ. முதல் பகுதி 1995இல் சேப்பாக்கம் வரை திறந்தது. வேளச்சேரி நோக்கிப் போகும்போது இடது பக்க ஜன்னல். சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் இந்த மூன்று நிலையங்களுக்கு இடையில் கட்டட இடுக்குகளில் கடல் எட்டிப் பார்க்கும். முழு நீளக் கடல் தெரியும் என்று நினைக்க வேண்டாம். சேப்பாக்கத்தில் ஒரு பக்கம் கிரிக்கெட் மைதானம். பிறகு பசுமைவழிச் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே அடையாற்றுப் பாலம். பாதையில் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. தூண் நட வேறு இடம் கையகப்படுத்தத் தேவையில்லாமல் போனதற்கு அதுதான் காரணம், கால்வாய் குறுகியதற்கும் அதுதான் காரணம்.

போகும்போது மாலை 4 மணியை ஒட்டிக் கிளம்புங்கள். வெயில் மேற்கிலிருந்து அடிக்கும், கிழக்கே கடல் நீலமாகத் தெரியும். காலையில் போனால் கண்கூசும் வெள்ளைதான். நிலையங்கள் பரந்து வெறிச்சோடிக் கிடக்கும். இருட்டிய பிறகு சிறுவனோடு தேவையில்லாமல் இறங்கி நிற்க வேண்டாம்.

மீட்டர்கேஜ் மணி:
பறக்கும் ரயிலை வேளச்சேரியோடு நிறுத்திக்கொண்டால் பரங்கிமலையையும் ஆலந்தூரையும் தவறவிடுவீர்கள். பரங்கிமலை நிலையத்தில் தரையில் புறநகர்த் தடம், தலைக்கு மேலே மெட்ரோ. கீழே 1676 மி.மீ., மேலே மெட்ரோவின் 1435 மி.மீ. ஆலந்தூரில் மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். மெட்ரோவில் படமெடுக்கும் முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கூடுதல் நேரம் இருந்தால் புறநகர் ரயிலில் திரிசூலம் போங்கள், விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது.

கடற்கரை–தாம்பரம் தடத்துக்குத் தனி மரியாதை உண்டு. 1931இல் 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மீட்டர்கேஜ் மின்ரயில் ஓடிய தடம். அறுபதுகளில் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரமானது, பிறகு அகலப்பாதையானது.

சிக்னல்பெட்டி:
அந்தத் தடத்தில் போகும்போது பையனிடம் சிக்னல் கம்பத்தைக் காட்டுங்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்பில் 'ஏ' என்று இருந்தால் தானியங்கி சிக்னல். முன்னால் போன வண்டி தடத்தைக் காலி செய்ததும் தானே மாறும். அது சிவப்பாக இருந்தால் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, மிக மெதுவாக அதைத் தாண்டிப் போகலாம். 'ஏ' இல்லாத சிவப்பை அப்படித் தாண்டக் கூடாது. மின்ரயில் நிலையமே இல்லாத இடத்தில் நின்று, பிறகு ஊர்ந்து கிளம்புவதன் காரணம் பல நேரம் இதுதான். இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு என்று வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தால் முன்னால் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவனே சொல்லிவிடுவான்.

கோவைத் தடம்:
திங்கள் பகல் முழுக்கக் கையில் இருக்கிறது. சரக்கு ரயில் பார்க்க ஆசைப்படுகிறான். செங்கல்பட்டா, எண்ணூரா?

பேசின்பிரிட்ஜ்:
சரக்கு என்றால் எண்ணூர்ப் பக்கம். மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி, மீஞ்சூர் வரை டிக்கெட், வலது பக்க ஜன்னல். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவே கொசஸ்தலையாற்றுப் பாலம். ஒரு பக்கம் கழிமுகம், அதற்கு மேல் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அத்திப்பட்டில் நிலக்கரி ரேக்குகள் நிற்பது வழக்கம். மேலே திறந்த நேர்ச்சுவர் வேகன் பாக்ஸ்என். அதை டிப்ளர் இயந்திரம் பிடித்துக் கவிழ்த்துத்தான் நிலக்கரியைக் கொட்டும். அடிப்பக்கம் சரிந்து கதவோடு இருப்பது பாப்ஆர்என்; காற்றழுத்தத்தில் கதவு திறந்து நிலக்கரி கீழே இறங்கும். மின்நிலையங்கள் இதை விரும்பும் காரணம் வேகம். நிறைந்த வேகனா காலியா என்பதை போகியின் சுருள்வில் அமுங்கியிருப்பதை வைத்தே சொல்லலாம்.

பாலத்தை நடந்து பார்க்கலாம், தண்டவாளத்தோரம் நின்று எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அத்துமீறலுக்கு ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. சட்டத்தை விடுங்கள், அந்தப் பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. நடைமேடையிலிருந்தே எல்லாம் தெரியும்.

கடலோரம்:
சரக்கில் அவ்வளவு ஆர்வம் இல்லையென்றால் நான் செங்கல்பட்டைத்தான் சொல்வேன். நிலையத்துக்குள் நுழையும் முன் கொளவாய் ஏரிக்கரையை ஒட்டி வண்டி போகும் காட்சி சென்னைப் புறநகரில் வேறெங்கும் கிடையாது. தென்மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் அந்த வழியே. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்க வேண்டாம். ஒன்று வடகோடி, ஒன்று தென்கோடி.

வாலாஜாரோடு:
பெட்டி விஷயம் ஒன்று. புறநகர் வண்டியில் முதல் வகுப்பும் சாதாரணப் பெட்டியும் ஒரே நிறத்தில் ஒட்டியே இருக்கும், கதவோரம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இங்கேதான். நீங்கள் தாயாக இருந்தால், பையனுக்கு 12 முடியாததால் உங்களோடு மகளிர் பெட்டியில் வரலாம். அவனுக்கு அரை டிக்கெட் போதும். வயதுச் சான்றின் நகல் ஒன்றைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைத் தடம்:
எண்ணூரே முடிவு. திரும்பும்போது சென்ட்ரலுக்கு எத்தனை மணிக்குள் வந்துவிட வேண்டும்? இரவு வண்டிக்கு முன் வேறு ஏதாவது பார்க்க முடியுமா?

பேசின்பிரிட்ஜ்:
அந்தத் தடத்தில் எக்ஸ்பிரஸ், சரக்கு, புறநகர் மூன்றும் கலந்து ஓடுவதால் மின்ரயில் ஓரமாக நிறுத்தப்படுவது சகஜம். மீஞ்சூரிலிருந்து மாலை 5 மணிக்கு முன் வண்டி ஏறிவிடுங்கள். பேசின்பிரிட்ஜ் நெருங்கும்போது வேகம் குறையும். ரேக் கழுவும் யார்டு ஜன்னலிலிருந்தே தெரியும், கேமராவை அதற்குள் தயாராக வையுங்கள். ஏழு மணிக்குள் சென்ட்ரலில் பையை எடுத்துவிட்டால், உங்கள் வண்டி வரும் வரை வடக்கே போகும் இரவு எக்ஸ்பிரஸ்கள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கையில் முன்பதிவு டிக்கெட் இருப்பதால் பிளாட்பார டிக்கெட் தனியாக வேண்டாம்.